எட்டாவது புள்ளி

முதலில் காபி கப் விழுந்தது.

அப்புறம் சிக்ஸ்டன் விழுந்தார்.

அதற்கும் அப்புறம்தான் அந்த அலறல்!

தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தூவா துள்ளி எழுந்தாள். பேனா எங்கேயோ உருண்டது. நாற்காலி சாய்ந்தது. எதையும் பார்க்காமல் ஓடினாள்.

நடையின் கடைசியில் ஃபிகா அறை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை... அந்தப் புள்ளியியல் ஆய்வகமே அங்கே கூடிவிடும். காபி, இனிப்பு, கொஞ்சம் ஊர்வம்பு. உப்சாலா நகரத்தில் ஆபீசுக்கு லேட்டாக வந்தால் மன்னித்துவிடுவார்கள். ஃபிகாவுக்கு வராமல் இருந்தால்... மன்னிக்கவே மாட்டார்கள்!

தூவா வருவதே இல்லை. விடிந்ததும் முதல் ஆளாக வருவாள். எல்லாருக்கும் காபி போட்டு வைப்பாள். தன் டீயை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவ்வளவுதான்.

இன்றைக்கு வந்தாள். வந்தவள் வாசலிலேயே உறைந்து நின்றாள்.

ஆய்வகத்தின் தலைவர் சிக்ஸ்டன் தரையில் மல்லாந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. கண்கள் கூரையைப் பார்த்தபடி...

"டேய் டோர்க்கெல்! என்னடா ஆச்சு?"

டோர்க்கெல் அவளோடு கல்லூரியில் படித்தவன். இப்போது பக்கத்து அறைக்காரன். சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

"தெரியல தூவா! பேசிட்டேதான் இருந்தார்... காலு மரத்துப் போச்சுன்னார்... அப்படியே சரிஞ்சுட்டார்!"

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லியாச்சு!"

தூவா மண்டியிட்டாள். அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து வந்தது.

"சிக்ஸ்டன்... என்னைப் பாருங்க... ஒண்ணும் ஆகாது..."

கையை விலக்கினாள்.

விரல்களுக்கிடையே ஒரு பிடி நரைமுடி! கொத்தாகக் கழன்று வந்திருந்தது!

இந்தத் தடவை அலறியது தூவா.



"உட்காருங்க தூவா."

நாலாவது நாள். இன்ஸ்பெக்டர் ஹோல்கர் ஆய்வகத்தின் கூட்ட அறையையே தன் விசாரணை அறையாக்கிக்கொண்டிருந்தார். குண்டு ஆசாமி. தூங்குமூஞ்சி. ஆனால் கண் மட்டும் தூங்கவில்லை.

"சிக்ஸ்டன் எப்படி இருக்கார்?"

"நினைவு திரும்பல. பிழைச்சா அதிர்ஷ்டம்ங்கறார் டாக்டர். அது நோய் இல்ல தூவா... விஷம்! கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல உள்ள போயிருக்கு."

"விஷமா?!"

"உங்க எல்லார் முடியையும் வெட்டிட்டுப் போனோமே... எதுக்குன்னு நினைச்சீங்க? உள்ள போன விஷம் முடியில தங்கும். அவருக்கு மட்டும் இல்ல, இங்க மத்தவங்க முடியிலயும் இருக்கு. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு அளவு."



ஹோல்கர் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நடுவில் கறுப்புப் புள்ளிகள், இடப்பக்கக் கீழ் மூலையிலிருந்து வலப்பக்க உச்சிக்கு வரிசையாக ஏறின.

"இதை நான் போடல. எனக்கு எண்ணுன்னா பள்ளிக்கூடத்துலேயே காய்ச்சல் வரும். லேப்ல வந்ததை அப்படியே உங்க டோர்க்கெல்கிட்ட கொடுத்தேன். அவர்தான் போட்டார்."

சந்தேகத்துக்குரிய ஆளிடமே கணக்குப் போடக் கொடுக்கும் போலீஸ் வேறு எந்த ஊரில் உண்டு! ஆனால் அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் தூவாவுக்கு இல்லை.

"படுக்கைக் கோட்டுல என்ன இருக்கு? படிங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை கப் காபி..."

"நிக்கற கோட்டுல?"

"முடியில... எவ்வளவு விஷம்."

"கீழ ஒரு எண் எழுதியிருக்கே?"

"ஒட்டுறவு எண்."

"என்னை மாதிரி மண்டுவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னாள். தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரித்துக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"ரெண்டு விஷயம் எந்த அளவுக்குச் சேர்ந்து போகுதுன்னு காட்டும். ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணும் பிசகாம ஏறினா, எண் ஒண்ணைத் தொடும். சம்பந்தமே இல்லாம அது பாட்டுக்கு இருந்தா பூஜ்யம்."

"இங்க?"

"பூஜ்யம் புள்ளி ஒன்பது நாலு."

"அடேங்கப்பா! சும்மா தற்செயலா இப்படி அமையுமா?"

"அதுக்குத் தனியா ஒரு சோதனை உண்டு. டோர்க்கெல் அதையும் போட்டிருக்கான்... தற்செயலா வர்றதுக்கு, ஆயிரத்துல ரெண்டு தடவைகூட வாய்ப்பில்ல."

"காபி போடறது யாரு?"

தூவா தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"யாரு தூவா?"

"நான்தான்."

"நீங்க எத்தனை கப்?"

"நான் குடிக்க மாட்டேன். டீதான்."

"அதான் இந்தக் கீழ் மூலையில ஒரு புள்ளி ஒட்டிக்கிட்டு நிக்குது. காபியும் பூஜ்யம், விஷமும் பூஜ்யம். அது நீங்க!"

"இன்ஸ்பெக்டர்! ரெண்டு விஷயம் சேர்ந்து போறதாலேயே ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆகாது! முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்!"

"போன மாசம் உங்க பதவி உயர்வை சிக்ஸ்டன் நிறுத்தி வச்சார். அது மத்தவங்களுக்கும் தெரியும்."

தூவா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க. ஒரு நல்ல வக்கீலோட! போகும்போது பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டுப் போங்க. அந்தத் தாளை வேணா நீங்க வச்சுக்குங்க. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

வெளியே வந்தாள். ஃபிகா அறையிலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஃபிகாவுக்கே வராதவ... வேற எதைத்தான் செய்ய மாட்டா?"



நவம்பர் மாதம். மூன்றரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது.

வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தூவா. நாளைக்குக் காலையில் உள்ளே தள்ளிவிடுவார்கள். எண் சாட்சி சொல்லிவிட்டது. எண் பொய் சொல்லாது என்று இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசியவளே அவள்தான்! நிஜக் கொலைகாரன் ஜாலியாக நடமாடிக்கொண்டிருப்பான். அடுத்தது யார்?

டிங்... டாங்!

உடம்பு தூக்கிப் போட்டது.

"யா... யாரு?"

"நான்தாம்மா. சோல்வெய்க்."

சிக்ஸ்டனின் மனைவி! கதவைத் திறந்தாள். பனித் தொப்பி, சிவந்த மூக்கு, அழுது வீங்கிய கண்கள். கையில் ஒரு தகர டப்பா.

"உள்ள வரலாமா?"

"வாங்க... வாங்க..."

சோல்வெய்க் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். வந்தவள் தூவாவைக் கட்டிக்கொண்டாள்.

"ஊரே உன்னைத்தான் பேசுது. நான் நம்பல. நேர்ல பார்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தூவா தேம்பித் தேம்பி அழுதாள்.

"நான் எதுவும் பண்ணலைங்க... சத்தியமா பண்ணல..."

"தெரியும்மா. முதல்ல எதையாவது சாப்பிடு. அப்புறமா அழு. முகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி!"

டப்பாவைத் திறந்தாள். ஏலக்காய் வாசனை கும்மென்று எழுந்தது. பொன் நிறத்தில் முறுக்கு முறுக்காக பன்கள்.

"காலையில சுட்டது. எடு. நான் போய் காபி போடறேன்."

"எனக்கு டீ..."

"சரி சரி, டீ போடறேன். நீ உட்காரு."

சோல்வெய்க் சமையலறைக்குப் போனாள். தூவா ஒரு பன்னை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். மேஜையில் அந்தத் தாள். ஒரு கையில் பன்னை வைத்துக்கொண்டு, இன்னொரு கை விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எந்தப் படத்தையும் நம்புவதற்கு முன்னால் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பது அவள் பழக்கம். இத்தனை நேரம் பயத்தில் அதைச் செய்யவே இல்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

ஏழு.

மறுபடியும் எண்ணினாள். ஏழுதான்!

ஆய்வகத்தில் இருப்பது எட்டுப் பேர்!

போனை எடுத்தாள்.

"டோர்க்கெல்!"

"தூவா... உன்கிட்ட பேசக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்..."

"வாயை மூடு! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நாம எத்தனை பேர்?"

"எட்டு."

"படத்துல ஏழு புள்ளிதான் இருக்கு. யாரை விட்டே?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"டேய்... யாரை விட்டேன்னு கேக்கறேன்!"

"என்னை."

இவனா? பத்து வருஷ சிநேகிதனா?!

"ஏன்டா?"

"என்ன ஏன்? கணக்குப் போடறவனே கணக்குக்குள்ள இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு எவனாவது ஒருதலைப்பட்சம்னு சொல்லிட்டா? நியாயமா இருக்கணும்னுதான் என்னைத் தூக்கிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் இந்தப் பதிலைக் கேட்டுக் காறித் துப்பியிருப்பார்கள். தூவா துப்பவில்லை. அவளே போட்டிருந்தாலும் தன்னைத்தான் முதலில் தூக்கியிருப்பாள்! புள்ளியியல்காரர்கள் ஜாதியே அப்படி.

"நீ ஒரு நாளைக்கு எத்தனை கப்?"

"ஆறு."

"உன் முடியில?"

"ஒண்ணுமில்ல. சுத்தம்."

"மடையா! ஆறு கப் குடிக்கிறவன் முடியில விஷமே இல்லையா? உன்னைச் சேர்த்துப் போடு! இப்பவே!"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் டோர்க்கெலின் குரல்... கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பூஜ்யம் புள்ளி ஆறு ரெண்டு... தூவா, சோதனையில நிக்கல. பத்துக்கு ஒரு தடவை சும்மாவே இப்படி வரலாம்... ஐயையோ! நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!"

"அப்புறமா அழு. காபில விஷம் இல்ல, புரியுதா? காபியோட கூடவே இன்னொண்ணு போகுது. காபி ஜாஸ்தி குடிக்கிறவங்க அதையும் ஜாஸ்தி எடுக்கறாங்க. நீ மட்டும் அதைத் தொடறதில்ல. என்ன அது? யோசி!"

"எனக்குக் கோதுமை ஆகாது. அதனால பன் சாப்பிட மாட்டேன்... அது ஒண்ணுதான்."

"என்ன பன்?"

"ஒரு நாளாவது ஃபிகாவுக்கு வந்திருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டே! ரெண்டு மாசமா தினம் ஒரு டப்பா. கப்புக்கு ஒரு பன்னுன்னு உள்ள தள்ளுவாங்க. ஒரு துணுக்குகூட மிஞ்சாது. சிக்ஸ்டன்தான் கொண்டு வருவார். 'உங்களுக்கு மட்டும்'னு சொல்லித்தான் வீட்டுல கொடுப்பாங்களாம். அவர் எங்க தனியா தின்னார்! எல்லாருக்கும்..."

"வீட்டுல... யாரு?"

"அவர் பொண்டாட்டிதான். சோல்வெய்க்! ஏலக்காய் போட்டு அவ்வளவு நல்லா..."

தூவா தன் கையைப் பார்த்தாள்.

பன்னில் ஒரு கடி குறைந்திருந்தது!

எப்போது கடித்தாள்?! நாக்கில் இனிப்பு... பல்லிடுக்கில் ஏலக்காய்... மேஜை மேலேயே துப்பினாள். மறுபடி துப்பினாள்.

"ஏம்மா... நல்லா இல்லையா?"

வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடாத ஊர். காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. சோல்வெய்க் அவளுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்!



தூவா திரும்பினாள். போனைத் துண்டிக்காமல் அப்படியே மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

சோல்வெய்க்கின் கையில் கெட்டில். கொதிக்கக் கொதிக்க ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடம் வாசலுக்குப் போகும் ஒரே வழி.

"யார் போன்ல?"

"அ... அம்மா."

"உங்கம்மாவை மடையான்னா கூப்பிடுவே?"

தூவா பின்னால் நகர்ந்தாள். மேஜை இடித்தது.

"சாப்பிடு." சோல்வெய்க் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... எல்லாத்தையும் சாப்பிடு. இது வேற மாவு. ஆபீசுக்கு அனுப்பினதைவிடக் கொஞ்சம் காரம் ஜாஸ்தி. நாளைக்குக் காலையில, நீ பயந்துபோய்த் தற்கொலை பண்ணிக்கிட்டேன்னு போலீஸ்ல எழுதிடுவாங்க."

"ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"என்ன பண்ணினியா!" கெட்டில் மேலே எழுந்தது. "என் புருஷனை எடுத்துக்கிட்டு என்ன பண்ணினேன்னா கேக்கறே?"

"புருஷனையா?! நானா?!"

"நடிக்காதே! அவர் வீட்டுக்கு லேட்டா வந்த நாள்லெல்லாம் ஆபீஸ்ல உன் ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது. அவர் சீக்கிரம் வந்த நாள்ல உன் ஜன்னல் இருட்டு. ஆபீஸ் எதிர்ல கார்ல உட்கார்ந்து என் கண்ணால பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பல! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சாகப் போகிறோம் என்ற பயத்திலும் தூவாவுக்குள் இருந்த புள்ளியியல்காரி தலையைத் தூக்கினாள்.

"எப்போ... எந்த வாரம் பார்த்தீங்க?"

"செப்டம்பர். முதல் வாரம்."

"ஐயோ! அது ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் அனுப்பற கடைசி வாரங்க! நான் மூணாவது மாடியில எழுதிட்டிருந்தேன். அவர் முதல் மாடியில திருத்திட்டிருந்தார். எல்லார் ஜன்னல்லயும்தான் விளக்கு எரிஞ்சுது. நீங்க என் ஜன்னலை மட்டும் பார்த்திருக்கீங்க!"

"பொய்!"

கெட்டில் பறந்தது!

தூவா கீழே விழுந்து உருண்டாள். கொதிநீர் சுவரில் மோதிச் சிதறியது. கையில் நாலு துளி தெறித்துத் தீயாய் எரிந்தது. சோல்வெய்க் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

"பொய் சொல்றே! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்க!"

"என் பதவி உயர்வையே நிறுத்தி வச்சவருங்க அவரு!" தூவா தொண்டை கிழியக் கத்தினாள். "காதலிக்கு எவனாவது அதைப் பண்ணுவானா? யோசிச்சுப் பாருங்க!"

கத்தரிக்கோல் நின்றது.

"என்னது?"

"என்னைப் பார்த்தாலே உன் கட்டுரையில பக்கம் ஜாஸ்தி, பக்கம் ஜாஸ்தின்னு கத்துவார். அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. அவருக்கு நானும் இல்ல, எவளும் இல்ல! கணக்கைத் தவிர அவர் யாரையும் திரும்பிப் பார்த்ததே இல்லைங்க. அவர்கூட ஒரு மணி நேரம் உட்கார எவளால முடியும்? உங்களால மட்டும்தான் முடிஞ்சுது. நாற்பது வருஷமா..."

சோல்வெய்க்கின் முகம் வெளுத்தது. உதடு துடித்தது.

"யாருமே... இல்லையா?"

"யாருமே இல்ல."

"அப்போ நான்... எதுக்காக..."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவளும் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். குழந்தைபோல விசும்ப ஆரம்பித்தாள். தூவாவுக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை. இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி என்று இருவரும் அழுதார்கள்.

கவிழ்த்து வைத்த போனிலிருந்து டோர்க்கெலின் குரல் கீச்சிட்டது.

"தூவா! இருக்கியா? இன்னொரு போன்ல போலீசுக்குச் சொல்லிட்டேன்! தெருவுக்குள்ள வந்துட்டாங்க! தூவா! ஏதாவது பேசுடி!"

கதவை உடைத்துக்கொண்டு முதலில் வந்தது இன்ஸ்பெக்டர் ஹோல்கர்தான். அழுகிற இரண்டு பெண்களையும், துப்பிக் கிடந்த பன்னையும், ஆவி பறக்கும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பன்னா?" என்றார் ஈனக் குரலில். "நான்கூட அங்க ரெண்டு தின்னிருப்பேனே... நல்லவேளை, மிச்சம் இல்ல!"



ஆஸ்பத்திரியில் சிக்ஸ்டன் கண் விழிக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

மொட்டைத் தலை. ஒட்டிய கன்னம். கட்டிலைச் சுற்றி எந்திரங்கள் முணுமுணுத்தன. தூவாவும் டோர்க்கெலும் பக்கத்தில் நின்றார்கள்.

"அத்தனை பன்னையும் இவர் ஒருத்தரே தின்னிருந்தா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பார்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். "பங்கு போட்டதாலதான் பிழைச்சார்."

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். தூவாதான் சொன்னாள். மெதுவாக, ஒன்றுவிடாமல். பன், சோல்வெய்க், கார், ஜன்னல், விளக்கு, அவள் கட்டிய கணக்கு... எல்லாவற்றையும்.

சிக்ஸ்டன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் ஈரம். டோர்க்கெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம் அவர் உதடு பிரிந்தது.

"எத்தனை நாள்... பார்த்தா?"

"என்ன சிக்ஸ்டன்?"

"கார்ல உட்கார்ந்து... எத்தனை நாள் பார்த்தா?"

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்க. அஞ்சு நாள்."

"அஞ்சா?!"

எந்திரங்கள் பீப் பீப் என்று அலறின. நர்ஸ் ஓடி வந்தாள். செத்துப் பிழைத்த மனிதர் தலையணையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்!

"என்னைக் கொல்லட்டும், அது அவ இஷ்டம்! ஆனா நாற்பது வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணிட்டு... வெறும் அஞ்சு புள்ளியை வச்சா முடிவு பண்ணினா?!"